முகம், எழுத்து, மிச்சம்

அறுபதுகளில் செஞ்சி கடைத்தெருவில் யாராவது ஒரு பெயர்ப்பலகை எழுத வேண்டும் என்று எங்களில் ஒருவரிடம் சொன்னால், மறுநாள் மூன்று பேர் வந்து நிற்போம். கடைக்காரர் திகைத்துப்போவார். ஒரு பலகைக்கு எதற்கு மூன்று ஆள் என்று கேட்பார். ஒற்றுமையைப் பார்த்து மெச்சியவர்களும் உண்டு. உண்மையில் எங்கள் மூவரில் ஒருவருக்கும் ஒரு படத்தை முழுதாக வரையத் தெரியாது.

நான் எழுத்து. பட்டை எழுத்து, நிழல் எழுத்து, வளைவில் ஏறி இறங்கும் எழுத்து எல்லாம் எனக்குக் கைவந்தது. நூல் பிடிக்காமலே வரி நேராக வரும் என்ற தலைக்கனமும் கூடவே இருந்தது. ஆனால் ஒரு மனுஷ முகத்தை வரையச் சொன்னால் பூசணிக்காய்க்குக் கண் வைத்ததுபோல வந்து நிற்கும்.

முகம் போடுகிறவர் எங்களில் மூத்தவர். சென்னையில் சினிமா பேனர் வரையும் கொட்டகையில் சில வருஷம் இருந்துவிட்டு, யாருடனோ மல்லுக்கு நின்று ஊர் திரும்பியவர். கழுத்துக்குக் கீழே அவர் தூரிகை இறங்காது. "கழுத்துக்குக் கீழ எல்லாருக்கும் ஒண்ணுதான்யா, அதுல இன்னா இருக்குது" என்பார். பத்திரிகைகளுக்குக் கதைப்படம் போட்டு அனுப்பிக்கொண்டே இருப்பார். கதையில் கிணற்றடியில் சண்டை நடக்கும். இவர் இரண்டு முகங்களை மட்டும் வரைந்து அனுப்புவார். படம் போன வேகத்தில் திரும்பி வரும். பத்திரிகைக்காரர்களுக்கு ரசனை இல்லை என்று எங்களுக்கு டீ வாங்கிக்கொடுத்துவிட்டு, அடுத்ததை ஆரம்பிப்பார்.

மூன்றாமவன் எங்களைவிட இளையவன். நிலமில்லாத குடும்பம். அவன் வீட்டில் எல்லாரும் வெள்ளையடிக்கப் போகிறவர்கள். சுவரைச் சுரண்டுவது, சுண்ணாம்பு பூசுவது, சின்னப் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்குவது, அதற்குப் பிறகு உடம்பு, கை, விரல், புடவை மடிப்பு, மாடு, மரம், பின்னால் தெரியும் மலை என்று அத்தனையும் அவன்தான். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு பெயர் இல்லை. "மிச்சத்த அவன் பாத்துக்குவான்" என்று சொல்லிச் சொல்லியே அவன் எங்களுக்கு மிச்சக்காரன் ஆகிவிட்டான். அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வேலை ஒரு வரிசையில் நடக்கும். முதலில் அவன். படம் முழுவதையும் முடித்துவிட்டு, முகம் வருகிற இடத்தில் முட்டை வடிவத்தில் வெள்ளையாக விட்டிருப்பான். அடியில் எழுத்துக்காக ஒரு பட்டையும் வெள்ளையாக இருக்கும். அடுத்து முகக்காரர் வந்து முட்டையை நிரப்புவார். கடைசியில் நான். ஒருவன் இடத்தில் இன்னொருவன் தூரிகையை வைக்கக் கூடாது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்த சட்டமில்லை, ஆனாலும் மீறியதில்லை. ஒரு தடவை ஜவுளிக்கடைப் பலகையில் பொம்பளைக்குப் பொட்டு விட்டுப்போயிருந்தது. என் தூரிகையில் சிவப்பு இருந்ததே என்று நான் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். முகக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் சமண வீட்டுப் பிள்ளை. எங்களுக்கு அரிசி மண்டி இருந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பது வீட்டு வழக்கம். அதனால் வெயில் மஞ்சளாகத் தொடங்கினால் சாரத்தை விட்டு இறங்கிவிடுவேன். "உங்க சாமிக்கும் நம்ம சுவத்துக்கும் இன்னாய்யா பகை?" என்று முகக்காரர் கீழே நின்று கத்துவார். நான் பெயிண்ட் வாளியோடு திரிவதில் என் அண்ணனுக்கு விருப்பமில்லை. ஆனால் தட்டில் சோறு விழாமல் போனதில்லை. பின்னால் வருவதற்கு இது முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

பலகை வேலை வருஷம் முழுவதும் இருக்காது. கிடைத்ததையெல்லாம் செய்தோம். டூரிங் கொட்டகைக்காரருக்கு மாட்டு வண்டியில் கட்டும் தட்டி, பஸ்ஸுக்கு ஊர்ப்பெயர், பள்ளிக்கூடத்துக்கு மனிதக் குடல் படம், பொங்கலுக்கு மாட்டுக் கொம்பு. தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சிக்கும் மத்தியானம் எதிர்க்கட்சிக்கும் அதே பெயிண்டில் சின்னம் போட்டுக்கொடுத்தோம். குடல் படத்துக்கு முகம் தேவையில்லை என்பதால் முகக்காரர் அன்றைக்கு வரவில்லை.

எங்களுக்குக் கண்காட்சி என்று ஒன்று இருந்தது என்றால் அது மேல்மலையனூர் அமாவாசைதான். ஸ்பெஷல் பஸ்கள் வந்து கூட்டத்தைக் கொட்டுவதற்கு முன்னாலேயே, காலையில் போய் வழியோரம் தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கலர்ப் பொடியில் அம்மனைப் போடுவோம். பத்தடிக்குக் குறையாது. மிச்சக்காரன் விடிந்ததிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் பொடி தூவுவான். கைகள், ஆயுதங்கள், மண்டையோட்டு மாலை, பட்டுக்கரை எல்லாம் முடிந்த பிறகு முகக்காரர் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருவார். அவர் அம்மனின் கண்ணைத் திறந்ததும் சுற்றி நின்ற பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். யாராவது கற்பூரம் ஏற்றுவார்கள். "யாருப்பா போட்டது?" என்று கேட்டால் எல்லா விரலும் அவரைக் காட்டும். ஊரும் பெயரும் அடியில் எழுதிய எனக்குக்கூட நாலு பேர் தலையாட்டுவார்கள். அந்த நேரத்தில் மிச்சக்காரன் கை கழுவத் தண்ணீர் தேடிப் போயிருப்பான்.

அவனுக்குக் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தையும் இருந்தது. ஒரு அமாவாசைக்கு அவன் பெண்சாதி குழந்தையோடு வந்திருந்தாள். கற்பூரம், கன்னத்தில் போட்டுக்கொள்வது எல்லாவற்றையும் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறாள். திரும்பும்போது பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டில் உட்கார்ந்து அவனைக் கேட்டாள்.

"அதுல நீ போட்டது எது?"

"எல்லாந்தான்."

"எல்லாம்னா?"

அவன் கொஞ்சம் யோசித்து, "முகத்தையும் எழுத்தையும் உட்டுட்டு மிச்சம்" என்றான். எனக்குப் பக்கத்தில் முகக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனமலைக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மழைக்காலத்தில் சுவர் வேலை இல்லை, வீட்டில் அடுப்பு எரிவது அபூர்வமாகியிருந்தது. அதோடு பஸ்ஸில் நடந்த அந்தப் பேச்சும் சேர்ந்துகொண்டது. அவளுடைய அப்பா ஏரிக்கரையில் துண்டு நிலம் குத்தகைக்கு உழுகிறவர். மருமகன் பெண்டாட்டியை அழைக்கப் போனபோது அவர் சத்தம் போடவில்லை. "மாப்ள இன்னா வேலை செய்றாருன்னு கேக்கறாங்க. எனக்கு சொல்லத் தெரியல. மாசச் சம்பளம்னு ஒரு வேலை வரட்டும், பேரு உள்ள வேலை. அன்னிக்கே அனுப்பி வெக்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவன் வாரத்துக்கு ஒரு தரம் பனமலைக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவான். மாமனார் வீட்டில் ரொம்ப நேரம் உட்கார முடியாது. மலைமேல் கோயிலுக்கு ஏறிவிடுவான். அங்கே சுவரில் பல்லவர் காலத்து அம்மன் ஓவியம் ஒன்று உண்டு. காரை உதிர்ந்து பாதிக்கு மேல் போய்விட்டது. முகக்காரர் அந்த முகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். இவன் போய் உட்கார்ந்து, உதிர்ந்துபோன இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தான். மடங்கிய கால், துணி விழுந்த விதம், தரை என்று ஏழெட்டுக் காகிதம் இருந்தது. எங்களிடம் காட்டினான். நன்றாக இருக்கிறது என்று சொன்னோம். வேறென்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த வேலை வந்தது. அம்மை குத்துவதற்கு அரசாங்கம் மும்முரமாக இறங்கியிருந்த காலம். கிராமம் கிராமமாகச் சுவரில் விளம்பரம் போட, ஒரு ஓவியரை மாதச் சம்பளத்தில் எடுக்கப் போகிறார்கள் என்று சுகாதார ஆபீசில் இருந்த குமாஸ்தா ஒருவர் டீக்கடையில் சொன்னார். பதவிக்கே ஓவியர் என்றுதான் பெயர். மிச்சக்காரன் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"ஒத்த ஆளா மனு போட்டா பெரிய ஆபீசர் ஒத்துக்க மாட்டாரு. மூணு பேராவது போடுங்க, ஒருத்தருக்குக் கிடைக்கும்" என்றார் குமாஸ்தா.

மூவரும் போட்டோம். வேலை அவனுக்குத்தான் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. மனுவோடு மாதிரிக்கு ஆளுக்கொரு படம் வைக்க வேண்டும். அவனுடையதை நன்றாகச் செய்வது, எங்கள் இரண்டையும் கொஞ்சம் மட்டமாகச் செய்வது என்று திட்டம். ஆனால் கை கேட்கவில்லை. மட்டமான முகம் போட முகக்காரரால் முடியவில்லை, கோணலாக எழுத என்னாலும் முடியவில்லை. எங்கள் வழக்கப்படி மூவர் கையும் பட்டதால், கடைசியில் மூன்று படமும் ஒரே தரத்தில், ஒரே முகத்தோடு, ஒரே எழுத்தோடு, ஒரே புடவை மடிப்போடு அமைந்துவிட்டன. அதில் ஏதாவது தப்பு இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை என்பதை இப்போது நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை.

ஆபீசர் வந்த அன்றைக்குக் குமாஸ்தா மூன்றையும் தாழ்வாரத்துச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தார். ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இடமிருந்து வலம் பார்த்தார். வலமிருந்து இடம் பார்த்தார்.

"ஒரே ஆள் மூணு பேரில் மனுப் போட்டிருக்கீங்களா?"

நாங்கள் விளக்கினோம். மூவரும் ஒரே நேரத்தில் விளக்கியதால் இன்னும் மோசமாகிவிட்டது. அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வெளியே காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். ரோட்டைப் பார்த்த பக்கம், அப்போதுதான் வெள்ளையடித்திருந்தது. மூன்று பங்காகக் கோடு போடச் சொன்னார்.

"ஆளுக்கு ஒரு பங்கு. அம்மை குத்திக்கொள்ளச் சொல்லும் விளம்பரம். ஒருத்தருக்கொருத்தர் கை வைக்கக் கூடாது. நான் தளவானூர் வரைக்கும் போய்விட்டு மூணு மணிக்கு வருவேன்."

ஜீப் போனதும் நான் என் பங்கின் முன்னால் நின்றேன். அப்படித் தனியாக ஒரு சுவரின் முன்னால் நான் நின்றதே இல்லை. முதலில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். முக்கால் சுவருக்கு எழுதினேன். அம்மை குத்திக்கொள்ளுங்கள், குழந்தையைக் காப்பாற்றுங்கள். சிவப்பில் பட்டை எழுத்து, கறுப்பில் நிழல். மீதி இடத்தில் ஒரு தாயை முதுகு காட்டி நிற்க வைத்தேன். பெரிய கொண்டை போட்டுவிட்டேன். முதுகுக்கு முகம் வேண்டாம் அல்லவா. புடவை கோணிச்சாக்கு மாதிரி வந்தது. ஆனாலும் அது ஒரு ஆள் என்று தெரிந்தது. எழுத்தும் படமும் நானே போட்டது என்று பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மிதப்பு வந்தது.

முகக்காரர் தன் பங்கு முழுவதும் ஒரே ஒரு முகம் போட்டார். ஒரு தாயின் முகம். ரோட்டில் போன வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தான். எழுத வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை.

மிச்சக்காரன் நடுப்பங்கு. பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடித்துவிட்டான். வீட்டு வாசலில் தாய் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை. நர்ஸ் முதுகைக் காட்டிக் குனிந்து ஊசி வைக்கிறாள். தாயின் ஒரு கை குழந்தையின் சட்டையை விலக்குகிறது, இன்னொரு கை அதன் காலைப் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிற விதத்திலேயே அவளுடைய பயம் தெரிந்தது. வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தான். அம்மனுக்குக் கோபம் வரும் என்று ஊசிக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்த ஊர்களில் அந்த வேப்பிலை என்ன வேலை செய்யும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்றுதான் அவன் வேலையை நான் உட்கார்ந்து பார்த்தேன் என்று நினைக்கிறேன். அத்தனை வருஷம் அதன்மேல்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

தூரிகைகளைக் கழுவிவிட்டு, புளியமர நிழலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். முடித்துவிட்ட ஆளின் நிம்மதி முகத்தில் இருந்தது. முகக்காரர் தன் ஏணியிலிருந்து இறங்கி வந்து அவன் சுவரைப் பார்த்தார்.

"டேய், யாருக்குடா காலியா உட்டு வெச்சிருக்க?"

அவன் திரும்பினான். தாய்க்கும் குழந்தைக்கும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை முட்டைகள். அடியில் எழுத்துக்கான பட்டை வெள்ளையாக, இரண்டு பக்கமும் கோடு இழுத்து அழகாக விட்டிருந்தான். எங்களுக்காக விட்டிருக்கிறான். ஆபீசர் சொன்னதைக் கேட்கவில்லை என்றில்லை. கை பழகிய வழியிலேயே போய்விட்டது. அவன் கண்ணுக்கு அது முடிந்த படம்.

"ஐயய்யோ" என்று எழுந்தான். தூரிகையை எடுத்துக்கொண்டு ஓடி, முட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். கை அங்கேயே நின்றது. மறுபடி கொண்டுபோனான். "வரலண்ணா" என்றான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

காவலுக்கு விட்டிருந்த பியூன் சாப்பிடப் போயிருந்தான். முகக்காரர் அக்கம்பக்கம்கூடப் பார்க்கவில்லை. தன் தூரிகையைத் துடைத்துக்கொண்டு, நேராகப் போய்த் தாயின் முகத்தை ஆரம்பித்துவிட்டார். "ஆபீசர் கேட்டா நான்தான் போட்டேன்னு சொல்லிடறேன். வேலை எனக்கு வேணாம்யா. இன்னா பண்ணிடுவாரு?" தாய், குழந்தை இரண்டும் முடிந்ததும் இறங்கி நின்று என்னைப் பார்த்தார். மிச்சக்காரனும் என்னைப் பார்த்தான். அடியில் பட்டை காலியாக இருந்தது.

என் தூரிகையில் கறுப்பு இருந்தது. பத்தடி நடந்தால் போதும்.

"ஒருத்தருக்கொருத்தர் கை வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்யா" என்றேன். சொல்லிவிட்டு என் சுவருக்குத் திரும்பி, ஏற்கெனவே போட்ட நிழலை இன்னொரு தடவை கனமாக்கினேன். காலையிலிருந்து மெல்ல மெல்ல அந்த ஆசை எனக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. என் பெயரில் ஒரு சுவர், என் பெயரில் ஒரு பதவி, மண்டியில் அண்ணன் முன்னால் போட ஒரு உத்தரவுக் காகிதம். எனக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, அவன் பெண்டாட்டி பிள்ளை பனமலையில் இருக்கிறார்கள், இரண்டும் எனக்கு அப்போது நன்றாக ஞாபகம் இருந்தது. மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. அவன் வாய்விட்டுக் கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

அவனும் எழுதப் பார்த்தான். இரண்டு எழுத்து போட்டான். மூன்றாவது கீழே சரிந்தது. துணியை நனைத்து அழித்துவிட்டான்.

மூன்று மணிக்கு ஆபீசர் வந்தார். முகக்காரரின் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நடுச்சுவர் முன்னால் அதைவிட அதிக நேரம் நின்றார். "இந்த முகமும் நீங்க போட்டதா?" என்று முகக்காரரைக் கேட்டார். முகக்காரர் ஆமாம் என்றார். ஆபீசர் சிரித்தார். அதைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. நான் பிடித்துக்கொண்டு நின்ற சட்டத்தை அதைப் போட்டவரே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"படம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பஸ்ஸில் போகிறவனுக்கு இது என்ன விளம்பரம் என்று எப்படித் தெரியும்? ஒரு வரி எழுதியிருந்தால்கூடப் போதும், இதையே எடுத்திருப்பேன்" என்றார். பிறகு என்னிடம் வந்தார். "படம் சுமார்தான். பரவாயில்லை, படிக்க முடிகிறது." குமாஸ்தாவிடம் என் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். குமாஸ்தா என்னை முதல் தடவையாக "சார்" என்றார்.

உத்தரவு தபாலில் வந்தது. அண்ணன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கல்லாப்பெட்டி மேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். மிச்சக்காரன் மண்டிக்கு வந்து வாசலில் நின்று, "சந்தோஷம்ணா" என்றான். அவன் முகத்தைப் பார்த்து அது பொய் என்று சொல்ல முடியாது. அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நாளைக்கு பனமலை வரிக்கும் என்கூட வர்றியாண்ணா? நான் மனு போட்டதையே மாமா நம்பல. நீ வந்து சொன்னா நம்புவாரு. ஆபீஸ்ல இன்னா நடந்துச்சோ அத சொல்லு, போதும்."

மாட்டேன் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. மறுநாள் காலை பஸ்ஸில் போனோம்.

மாமனார் வாசல் மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு, எனக்கு அதில் இடம் கொடுத்துவிட்டுத் தான் தரையில் குந்தினார். மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை என்ற மரியாதை. மிச்சக்காரன் நின்றுகொண்டிருந்தான். அவன் பெண்சாதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள்.

"மாப்ள மனு போட்டாரா?" என்றார் மாமனார்.

"போட்டான். மூணு பேரும் போட்டோம். இவன் போட்ட படத்தைத்தான் ஆபீசரு ரொம்ப நேரம் பார்த்தாரு."

"அப்புறம் ஏன் கிடைக்கல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "எழுத மறந்துட்டேன் மாமா. எம்மேலதான் தப்பு."

"ஆபீசருக்கு எழுத்து வேணுமாம்" என்றேன் நான். "அதனால எனக்குக் குடுத்துட்டாங்க."

மாமனார் தலையை ஆட்டினார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. எனக்கும் உள்ளே ஒரு மூச்சு இறங்கியது. அப்போது கதவோரத்திலிருந்து அவள் கேட்டாள்.

"அந்த எழுத்த எழுத எத்தினி நேரம் ஆவும்ணா?"

அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "அரை மணி நேரம் ஆகும்" என்றேன்.

"ஆபீசரு எப்ப வந்தாரு?"

"மூணு மணிக்கு."

"இவுரு எப்ப முடிச்சாரு?"

"பன்னண்டு மணிக்கு."

"நீங்க அங்கதான இருந்தீங்க?"

மிச்சக்காரன், "உடு, அண்ணன இன்னாத்துக்குக் கேக்கற" என்றான். அவள் அவனைப் பார்த்தாள். அப்புறம் என்னை, தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இல்லை. சந்தையில் ஒரு மாட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"நைனா, மாசச் சம்பளக்காரங்க எப்படி இருப்பாங்கன்னு பாத்துட்டேன்" என்றாள். "எனக்கு இவுரே போதும். நான் கெளம்பறேன்."

மாமனார் தடுக்கவில்லை. அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு துணி மூட்டையோடு வந்தாள். எழுந்து போய்விடலாம் என்றால் ஊருக்கு அந்த ஒரு பஸ்தான். நால்வரும் அதில்தான் திரும்பினோம். அவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், நான் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். வழி முழுக்க அவன் இரண்டு தடவை திரும்பி, "எடம் வசதியா இருக்குதாண்ணா?" என்று கேட்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீசுக்குப் போய் வேலையில் சேர்ந்தேன்.